நல்லெண்ணெய் குடித்த பிரேக்

மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துவிட்டு வீடு முழுக்கத் தேடும் வயது நமக்கு வந்துவிட்டது. அதனால்தான், ரங்கூன் தாமுவேயில் என்னோடு வளர்ந்தவர்களே, மறப்பதற்குள் ஒன்றைச் சொல்லிவிட நினைக்கிறேன். எங்கள் வீட்டு மோட்டார் சைக்கிள் உங்களில் பாதிப் பேருக்காவது நினைவிருக்கும். காலையில் அப்பா அதை உதைத்துக் கிளப்பினால் டீக்கடை வாசலில் தூங்கும் நாய் எழுந்து நகரும். அந்த வண்டியின் முன் பிரேக்கைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். பிரேக்கில் என்னடி கதை என்று சிரிக்க வேண்டாம். இதை நான் என் தங்கையிடம்கூட இன்றுவரை சொன்னதில்லை.

வண்டி தாத்தாவுடையது. அம்மாவின் அப்பா. துறைமுகத்தில் வேலை பார்த்தவர். அவருடைய வெள்ளைக்கார துரை கப்பலேறும்போது விட்டுப் போன வண்டி அது. கறுப்பு டாங்க், அதன் மேல் தேய்ந்துபோன தங்கக் கோடு, உட்கார்ந்தால் கீச்சென்று முனகும் ஸ்பிரிங் சீட். தாத்தா கண் மூடும்போது வண்டியை மருமகனுக்கு என்று சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். மகன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது மருமகனுக்கா என்று மாமாவுக்கு ஆறவே இல்லை. மாமா அம்மாவின் தம்பி, ஆற்றுக்கு அக்கரையில் கியாக்தானில் வயல் வைத்திருந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு செருப்பை மாட்டிக்கொண்டு, "இந்த வண்டி நிக்கிற வூட்டு வாசப்படிய இனிமே மிதிக்க மாட்டேன்" என்றார். அப்பா மட்டும் சளைத்தவரா. "மிதிக்கச் சொல்லி இங்க யாரும் வெத்தல பாக்கு வைக்கல" என்றார்.

அதற்கு அடுத்த வருஷம் அம்மா உண்டானாள். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது.

சந்தோஷப்பட வேண்டிய சேதி. ஆனால் எங்கள் வீட்டில் யாரும் அதைச் சிரித்த முகத்தோடு சொல்லவில்லை. எனக்கு அடுத்துப் பிறந்த தம்பி பிறந்த அன்றே போனான். அன்று அம்மாவுக்கு ரத்தம் நிற்காமல் போய், அவளும் போயிருப்பாள். அம்மாவின் ரத்தம் லேசில் கிடைக்காத வகை. எங்களுக்குத் தெரிந்தவர்களில் மாமா ஒருவருக்குத்தான் அதே ரத்தம். அவர் கொடுத்துத்தான் பிழைத்தாள். ஆஸ்பத்திரியில் அந்த வகையை எடுத்து வைத்திருக்க மாட்டார்கள். வேண்டுமானால் கொடுக்கிற ஆளை நாம்தான் கூட்டிக்கொண்டு போய் நிறுத்த வேண்டும். "இந்தத் தடவையும் ரத்தம் போகும். ஆளைத் தயாரா வெச்சுக்கங்க" என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

பிரசவத்துக்குப் பத்து நாள் முன்னாலேயே வந்து எங்கள் வீட்டில் தங்கும்படி அம்மா மாமாவுக்குச் சொல்லி அனுப்பினாள். பதில் வந்தது. "அக்காவுக்கு வலி வந்தா மச்சான் வந்து கூப்பிடட்டும். அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு வர்றேன். வூட்டுக்கு மட்டும் வர மாட்டேன்." அவ்வளவுதான். அக்காவுக்கு உடம்பில் ஓடும் ரத்தத்தைக் கொடுப்பாராம், வாசற்படியை மிதிக்க மாட்டாராம். நம் பெரியவர்களின் ரோஷத்தை இப்போது நினைத்தால் எனக்குக் கை பரபரக்கிறது.

கியாக்தானுக்கு பஸ்ஸில் போய்த் திரும்பினால் ஒரு பகல் போய்விடும். மாமா ஊரில் போன் கிடையாது. ஆனால் ஆற்றுக்குக் குறுக்கே பாலம் வந்திருந்தது. மோட்டார் சைக்கிளில் போனால் மூன்று மணி நேரத்தில் ஆளைக் கூட்டி வந்துவிடலாம். ஆக, எந்த வண்டிக்காகச் சண்டையோ அந்த வண்டியில்தான் மாமாவை ஏற்றி வர வேண்டும். அந்த வண்டியிலோ அந்த மழைக்காலத்தில் முன் பிரேக் செத்துப்போய்விட்டது. பின் பிரேக் எப்போதுமே பெயருக்குத்தான்.

அப்பா போட்டாதாங் படகுத்துறையில் மூட்டை ஏற்றுகிறவர்களுக்கு மேஸ்திரி. வேலை விட்டு வந்ததும் கூடத்தில் முன் சக்கரத்தைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். சக்கரத்தின் நடுவில் டிரம் என்கிற இரும்புக் கிண்ணம். அதற்குள் தேங்காய்க் கீற்றைப் போல வளைந்த இரண்டு பிரேக் ஷூ. அவற்றின் முதுகில் லைனிங் என்று ஒரு தடித்த பட்டை இருக்கும். அந்தப் பட்டை டிரம்மை உரசினால்தான் வண்டி நிற்கும். எங்களுடையது தேய்ந்து, அடியில் இருந்த ரிவிட்டுகள் டிரம்மைக் கீறிக்கொண்டிருந்தன. அந்த வண்டிக்கு சாமான் ரங்கூனில் எந்தக் கடையிலும் கிடையாது.

அடுத்த சந்தில் லேத்துப் பட்டறை வைத்திருந்த பர்மியர்தான் கதி. அவரை நாங்கள் எல்லோரும் அக்கோ என்போம், அண்ணன் என்று அர்த்தம். அப்பாவைவிட வயதில் சின்னவர். கன்னத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசிய அவருடைய மனைவி பட்டறை வாசலிலேயே வெற்றிலை விற்பார். அக்கோ டிரம்மை லேத்தில் மாட்டிக் கீறல் போகக் கடைந்து கொடுத்தார். லாரிக்குப் போடுகிற லைனிங் துண்டு ஒன்றை எங்கிருந்தோ பிடித்து, அளவாக அறுத்து, செம்பு ரிவிட் அடித்துப் பொருத்தினார். நடு ரிவிட்டை முதலில் அடித்து அங்கிருந்து ஓரத்துக்குப் போனார். ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் நடுவில் உப்பிக்கொள்ளுமாம். பிறகு லைனிங் மேல் சாக்கட்டியைத் தேய்த்து, டிரம்முக்குள் வைத்துச் சுற்றி எடுத்து, எங்கே வெள்ளை அழிந்திருக்கிறது என்று பார்த்து அரம் போட்டார். மூன்று நாள் வேலை. நான் பள்ளி விட்டதும் நேரே அங்கே போய் நின்று பார்ப்பேன். அம்மா பிழைப்பாளா என்று வேறு எங்கேயும் போய்ப் பார்க்க முடியாதே.

ஷூ இரண்டும் வீட்டுக்கு வந்த மறுநாள் ஆயுத பூஜை.

வயிற்றில் பிள்ளையோடு இருப்பவள் தேங்காய் உடைக்கும் இடத்தில்கூட நிற்கக் கூடாது என்பது அம்மாவின் கட்டுப்பாடு. அந்த வருஷம் பூஜை முழுக்க என் தலையில். அம்மா உள்ளே பாயில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டே உத்தரவு போட்டாள். "எல்லாத்தையும் தொடச்சு, எண்ணெ போட்டு, சந்தனம் குங்குமம் வையி. ஒண்ண விட்றாத."

அருவாமனை, கத்தரிக்கோல், அப்பாவின் மூட்டைக் கொக்கி, ஸ்பேனர், என் காம்பஸ் பெட்டி எல்லாவற்றையும் வாழை இலையில் அடுக்கினேன். அப்பா குளித்துவிட்டு வந்து பார்த்தார். பேப்பரில் சுற்றியிருந்த பிரேக் ஷூவைக் காட்டி, "அதையும் வை தாயி. இந்த வருசம் நமக்கு அதுதான் ஆயுதம்" என்றார்.

வைத்தேன். எனக்கு அப்போது எவ்வளவு பக்தி தெரியுமா. அருவாமனைக்கு ஒரு சொட்டு, கத்தரிக்கோலுக்கு ஒரு சொட்டு, பிரேக் ஷூவுக்கு மட்டும் கை நிறைய. புது லைனிங் எண்ணெயை விட்டதும் உறிஞ்சிக்கொண்டது. தாகமாக இருக்கிறது போலிருக்கிறது என்று இன்னும் விட்டேன். செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய். மடக் மடக்கென்று குடித்தது. அம்மாவைக் காப்பாத்து, அம்மாவைக் காப்பாத்து என்று சொல்லிச் சொல்லித் தேய்த்தேன். பிறகு ஒவ்வொரு ரிவிட் தலையிலும் சந்தனம், அதன் மேல் குங்குமம். இலையில் இருந்ததிலேயே அவை இரண்டுதான் அழகாக இருந்தன.

மறுநாள் காலை அப்பா பொட்டுகளைத் துணியால் துடைத்துவிட்டு ஷூவை மாட்டினார். லைனிங் முதலிலிருந்தே கருஞ்சிவப்பு நிறம், எண்ணெய் குடித்தது கண்ணுக்குத் தெரியவில்லை. சக்கரத்தைப் பூட்டி, கம்பியை இழுத்துக் கட்டி, மார்க்கெட் வரை ஓட்டிப் பார்க்கப் போனார். கால் மணியில் வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தார். முழங்கையில் சிராய்ப்பு. சுரைக்காய் ஏற்றிப் போன சைக்கிள் ரிக்‌ஷாவில் மோதியிருக்கிறார். "கைப்பிடி கல்லு மாதிரி கெட்டியா இருக்கு. சக்கரம் பாட்டுக்கு வழுக்கிக்கிட்டுப் போவுது" என்றார். அவர் முகம் வெளுத்திருந்தது.

அப்படியே அக்கோவின் பட்டறைக்கு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். அப்பா உள்ளே நுழையவில்லை, சந்தில் நின்றபடி கத்தினார். லாரி லைனிங் என்று சொல்லி ஏதோ குப்பையை ஒட்டிக் கொடுத்துவிட்டான், திருட்டுப் பயல், என் பெண்டாட்டி உயிரோடு விளையாடுகிறான் என்று தமிழிலும் பர்மியிலும் மாற்றி மாற்றி. கோயில் கமிட்டியில் இருந்தவர் அப்பா, அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து யாரும் கேட்டதில்லை. ஜனம் கூடிவிட்டது. வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த அந்த அம்மாள் கையிலிருந்த இலையை வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனார். அக்கோ ஒன்றுதான் சொன்னார். "சக்கரத்தைக் கொண்டு வாங்க, திறந்து பாக்கலாம்." அப்பா காறித் துப்பிவிட்டுத் திரும்பினார்.

அடுத்த நான்கு நாளும் அப்பா தானே திறந்து திறந்து மூடினார். அரம் போட்டார், ஸ்பிரிங் மாற்றினார், கம்பியை இறுக்கினார். ஒன்றும் நடக்கவில்லை. நாள் இருக்கிறது, நாள் இருக்கிறது என்று அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். இன்னும் மூன்று வாரம் என்பதுதான் எங்கள் எல்லோருடைய தைரியமும்.

மூன்று வாரம் இல்லை. தடின்ஜூட் பௌர்ணமியன்று மத்தியானமே அம்மாவுக்கு வலி கண்டது.

தெருவெல்லாம் விளக்குத் திருநாளுக்குக் காகிதக் கூடுகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். பாயில் ரத்தத்தைப் பார்த்த அப்பா வாசலுக்கு ஓடி வந்து வண்டி முன்னால் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். பெரிய ஆம்பிளை, எட்டு மூட்டையை ஒரு மூச்சில் ஏற்றச் சொல்லி அதட்டுகிறவர், தலையில் கை வைத்து உட்கார்ந்ததை அன்றுதான் பார்த்தேன். அடுத்த வீட்டுப் பர்மியப் பெரியம்மா என் தோளைப் பிடித்துத் தள்ளினார். "போ. போய் அக்கோவைக் கூட்டிட்டு வா. உன் அப்பன் போக மாட்டான்."

ஓடினேன். அக்கோ வெள்ளைச் சட்டை போட்டு, கையில் பூவோடு புத்தர் கோயிலுக்குக் கிளம்பி நின்றார். எனக்கு மூச்சு வாங்கியது. அம்மா, ரத்தம், பிரேக் என்று மூன்று வார்த்தைதான் வந்தது. அவர் மனைவி போக வேண்டாம் என்று கையைப் பிடித்தார். அக்கோ பூவை அவரிடம் கொடுத்துவிட்டு சாமான் பெட்டியைத் தூக்கிக்கொண்டார்.

அப்பா அவரை ஏறிட்டுப் பார்க்கவில்லை. அம்மாவை ரிக்‌ஷாவில் ஏற்றி, பெரியம்மாவோடு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வர அரை மணி ஆகும். "நான் திரும்பறப்ப வண்டி எப்படி இருந்தாலும் சரி, எடுத்துட்டுப் போயிருவேன்" என்று என்னிடம் சொல்வது போல அவருக்குச் சொன்னார்.

வீட்டில் நானும் அக்கோவும் மட்டும். சக்கரத்தைக் கழற்றி ஷூவைக் கையில் எடுத்தவர் விரலால் தடவினார். மூக்கில் வைத்து முகர்ந்தார். ரிவிட் குழி ஒன்றை ஆணியால் நெருடினார், குங்குமம் உதிர்ந்தது. என் நெற்றியைப் பார்த்தார். "ஞீமலே, இதுல என்ன பூசின?" என்றார். தங்கச்சி என்று கூப்பிட்டதால் எனக்குப் பயம் வரவில்லை. "நல்லெண்ணெய். நானேதான். நிறைய" என்றேன், கெட்டிக்காரத்தனமாக.

அவர் ஷூவைத் தரையில் வைத்தார். பிறகு, "எண்ணெய் பட்டா இது பிடிக்காது. வழுக்கிடும்" என்றார்.

அந்த நிமிஷத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வது. என் கையை நானே பார்த்தேன். அம்மாவைக் காப்பாத்து என்று தேய்த்த கை. ஓவென்று அழ ஆரம்பித்தேன். அவர் அதட்டினார். "அழுதா நேரம் போவும். அடுப்பைப் பத்த வை."

கரி அடுப்பைப் பற்ற வைத்து விசிறினேன். இரும்பு வலையில் இரண்டு ஷூவையும் கவிழ்த்து வைத்தார். லைனிங்கிலிருந்து எண்ணெய் முத்து முத்தாகக் கக்கியது. புகை கிளம்பியது, பணியாரம் சுடுகிற வாசம். துடைப்பார், செங்கல்லில் தேய்ப்பார், பெட்ரோலில் நனைத்த துணியால் ஒற்றுவார், மறுபடி நெருப்பில் வைப்பார். மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் எண்ணெய் வந்துகொண்டே இருந்தது. பாவி, எவ்வளவு ஊற்றியிருக்கிறேன். "முழுசாப் போவாது. பாதி பிடிக்கும். பாதி போதும்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். சூட்டோடு எடுத்து மாட்டினார், விரல் நுனி கொப்பளித்துவிட்டது. வெள்ளைச் சட்டை முழுக்கக் கரி.

சக்கரம் பூட்டும்போது சொன்னார். "அப்பாகிட்ட சொல்லாதே. இப்ப உன்னை அடிக்கக்கூட அவருக்கு நேரம் இல்லை."

அப்பா வந்தார். "என்ன கோளாறு?"

"லைனிங்தான். என் தப்பு" என்றார் அக்கோ. "இறக்கத்துல மெதுவாப் போங்க."

"இப்பவாவது ஒத்துக்கிட்டியே" என்றார் அப்பா. உதைத்தார். வண்டி கிளம்பியது. நான் வாயைத் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பெரியம்மாவோடு உட்கார்ந்திருந்த அந்த நேரத்தை என் எதிரிக்குக்கூடக் கொடுக்காதே சாமி. உள்ளே குழந்தை அழும் சத்தம் கேட்டது. பெண் என்றார்கள். அதற்குப் பிறகு நர்ஸ் வேகமாக வெளியே வந்து, ரத்தம் கொடுக்கிறவர் வந்தாச்சா என்று கேட்டாள். இல்லை என்றேன். பத்து நிமிஷத்தில் மறுபடி கேட்டாள். மூன்றாவது தடவை கேட்கவில்லை, வாசலைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்குக் கண் முன்னால் பாலத்து இறக்கம்தான் நின்றது. சக்கரம் வழுக்கிக்கொண்டு போகிறது, போகிறது, நிற்கவில்லை. அம்மா செத்தால் நான்தான் கொன்றேன், அப்பாவும் செத்தால் அதுவும் நான்தான். பெரியம்மா மணிமாலையை உருட்டிக்கொண்டே இருந்தார். நான் நகத்துக்குள் இருந்த எண்ணெய் அழுக்கைக் கடித்துக் கடித்துத் துப்பினேன்.

சாயங்காலம் தெருவில் விளக்கு ஏற்ற ஆரம்பித்தபோது மாமா ஓடி வந்தார். காலில் சேறு, வயலிலிருந்து அப்படியே ஏறியிருக்கிறார். என்னைப் பார்க்காமல் நேரே உள்ளே போனார்.

அம்மா பிழைத்தாள். அதைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் பதற வேண்டாம்.

ரத்தம் கொடுத்துவிட்டு வந்த மாமாவுக்குப் பெரியம்மா டீ வாங்கிக் கொடுத்தார். மாமா இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அப்பாவைப் பார்த்துப் பேசினார். "பாலத்தடியில அந்த லாரிக்காரன் நின்னான் பாருங்க மச்சான். பிரேக்கு மட்டும் பிடிக்கலேன்னா ரெண்டு பேரும் போய்ச் சேந்திருப்போம்."

அப்பா டீயைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல், "அந்த லேத்துக்காரன் கெடுத்து வெச்சிருந்தான். நாந்தான் நாலு நாளா உக்காந்து சரி பண்ணேன்" என்றார்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். வாய் வரைக்கும் வந்தது. அக்கோதான் சொல்ல வேண்டாம் என்றாரே என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். சொல்லாதே என்று அவர் சொன்னது அந்த ஒரு மணி நேரத்துக்கு. நான் அதை எனக்கு வசதியாக வருஷக் கணக்கில் நீட்டிக்கொண்டேன்.

கோயில் கமிட்டிக்காரர் திருட்டுப் பயல் என்று சொன்னது தாமுவேயில் பரவ எவ்வளவு நேரம் ஆகும். பால்காரர்கள் போவதை நிறுத்தினார்கள். ரிக்‌ஷாக்காரர்கள் நிறுத்தினார்கள். நம் வீடுகளிலிருந்தும் யாரும் போகவில்லை, உங்களுக்கே தெரியும். மறு வருஷ மழைக்கு முன்னால் அக்கோ லேத்தைக் கழற்றி லாரியில் ஏற்றினார். மனைவியின் ஊருக்கே போகிறாராம். பள்ளியிலிருந்து வந்துகொண்டிருந்த என்னைப் பார்த்துவிட்டார். "அம்மா நல்லா இருக்காங்களா?" என்று கேட்டார். "இருக்காங்க" என்றேன். தங்கச்சிப் பாப்பா பற்றியும் கேட்டார். தவழ்கிறாள் என்றேன். மன்னிப்புக் கேட்க அதைவிட நல்ல சமயம் வராது என்று அப்போதே தெரியும். புத்தகப் பையை மாரோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்துவிட்டேன்.

அதற்குச் சில வருஷம் கழித்து, நகரத்துக்குள் மோட்டார் சைக்கிளே ஓட்டக் கூடாது என்று உத்தரவு வந்தது. கியாக்தானில் அந்தத் தடை இல்லை. வண்டி கடைசியில் மாமாவுக்கே போவதாக முடிவாயிற்று. அன்று மாமா எங்கள் வாசற்படியை மிதித்து, உள்ளே வந்து, அம்மா கையால் சாப்பிட்டார். எல்லோருக்கும் ஏக சந்தோஷம். மாமா வண்டியைச் சுற்றி வந்து, "முன் பிரேக்கு?" என்றார்.

"நான் போட்டது. கல்லு மாதிரி இருக்கும்" என்றார் அப்பா.

அன்று என்னால் பொறுக்க முடியவில்லை. மாமா வண்டியை வெளியே தள்ளிக்கொண்டு போனதும் அப்பாவைக் கூடத்தில் நிறுத்திச் சொல்லிவிட்டேன். நல்லெண்ணெய் ஊற்றியது நான், கரி அடுப்பில் காய்ச்சிப் பிரேக்கைப் பிடிக்க வைத்தது அக்கோ, அவர் ஒரு தப்பும் பண்ணவில்லை என்று. அப்பா இடிந்துபோய் உட்கார்வார் என்று எதிர்பார்த்தேன்.

அவர் நின்றபடியே இருந்தார். "எனக்குத் தெரியும் தாயி" என்றார்.

"எப்ப?"

"அன்னிக்கே. பாலத்து இறக்கத்துல பிரேக்கப் பிடிச்சேன். சூடு ஏற ஏற நல்லெண்ணெ வாசம் முகத்துல அடிச்சுது. கியாக்தான் போயிச் சேர்ற வரைக்கும் அடிச்சுது." வாசலைப் பார்த்துக்கொண்டே பேசினார். "ஊரைக் கூட்டித் திருடன்னு சொல்லிட்டேன். எப்படித் திரும்பப் போயி நிக்கிறது?"

"தெரிஞ்சும் ஏம்ப்பா சொல்லல?"

அப்பா அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். அதில் கோபம் இல்லை.

"நீயுந்தான் சொல்லல" என்றார்.

வெளியே மாமா வண்டியை உதைத்துக்கொண்டிருந்தார். மூன்றாவது உதையில் கிளம்பியது. நாங்கள் இரண்டு பேரும் வாசலுக்குப் போய்க் கையை ஆட்டினோம்.